தொடர்பில் இல்லை

ஊத்துக்கோட்டை அரசு மருத்துவமனையில்
சளிக்கு நான்தான்.
பதினாறு வருஷமாக ஜன்னலோர நாற்காலி,
ஒரு நுண்ணோக்கி, சிவப்புச் சாயம், நீலச் சாயம்,
மூடி சரியாகத் திருகாத டப்பிகள்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை
இரண்டு டப்பி வந்தது.
உரக்கடை தசரதனுடையது காரில் வந்தது,
டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நீட்டினான்.
இன்னொன்றைப் பேருந்து நிலையத்திலிருந்து
தில்லிராணியே கொண்டுவந்தாள்,
துணியில் பொதிந்து,
முட்டையைக் கொண்டுவருவதுபோல.

வயது கேட்டேன்.
"பாலம் முழுகுன வெள்ளத்துல
எனக்குப் பால்பல்லு விழுந்துச்சு சாமி."
முப்பது என்று எழுதிக்கொண்டேன்.

கண்ணாடித் தகட்டில் சாதி தெரியாது.
நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள்,
அவருக்கும் அதே, இவளுக்கும் அதே.
இருவருக்கும் இரண்டு கூட்டல் குறி போட்டேன்.
அந்த ஒரு மணி நேரம்
இரண்டு பேரும் சமமான நோயாளிகள்.
பிறகு படிவம் வந்தது.

முகவரி?
பஸ் ஸ்டாண்டு, கக்கூசுக்குப் பின்னால்.
மழை பிடித்தால் நாகலாபுரம்.
பிரதோஷத்துக்குச் சுருட்டப்பள்ளி.
கட்டத்தில் அவ்வளவு இடமில்லை.
ரேஷன் கார்டு ஆந்திராவில் என்றதால் ஆந்திராவுக்கு எழுதினோம்.
சத்தியவேட்டிலிருந்து பதில் வந்தது:
தங்கள் பகுதியில் வசிப்பவர்.
ஆற்றுக்கு இந்தக் கரையில் அவள் நரிக்குறத்தி,
அந்தக் கரையில் நக்கலோள்ளு.
இருமலை மட்டும் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வங்கிக் கணக்கில்லாததால்
சத்துணவுப் பணம் இல்லை.
வெறும் வயிற்றில் மாத்திரை புரட்டியது.
"சாப்பிட்டுட்டுப் போடணும்" என்றார் நர்ஸ்.
எதை என்று அவள் கேட்கவில்லை.
சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் மாதம் வரவில்லை.
இரண்டு தடவை தேடினார்களாம்.
பதிவேட்டில் நானே எழுதினேன், பச்சை மையில்,
என் கையெழுத்து நன்றாக இருக்கும்:
தொடர்பில் இல்லை.

தசரதன் ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ ஏறி
திருப்பதி போய் மொட்டையடித்து வந்து
எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.
லட்டு நன்றாக இருந்தது.
அதற்கென்ன பொய் சொல்வது.

ஆனிப் பிரதோஷத்துக்கு
மனைவியோடு பாலம் தாண்டிப் போனேன்.
சுருட்டப்பள்ளியில் சாமி நிற்பதில்லை, அமர்வதில்லை.
நஞ்சு குடித்த மயக்கத்தில்
நீட்டிப் படுத்திருக்கிறார்.
தலைமாட்டில் அம்மன்.
சுற்றிலும் தேவர்கள், முனிவர்கள்,
வேலையை விட்டுவிட்டு வந்த சூரியன், சந்திரன்.
ஒரு கட்டிலைச் சுற்றி இத்தனை பேர் நின்று
எங்கள் வார்டில் நான் பார்த்ததில்லை.

வெளியே செருப்பு விடுமிடத்தில்
தில்லிராணி உட்கார்ந்திருந்தாள்.
பாசிமணி, ருத்திராட்சம், ஊக்கு.
ரவிக்கைக்கு மேலே இரண்டு எலும்பு
துணி மாட்டும் கம்பிபோல.
"சாமி, ஊக்கு?"

பத்து ரூபாய்க்கு ஓர் அட்டை வாங்கினேன்.
பங்குனியிலும் வாங்கியிருக்கிறேன்,
சித்திரையில் இரண்டு முறை.
என் அடையாள அட்டையின் அறுந்த கயிறு
அவள் விற்ற ஊக்கில்தான் தொங்குகிறது.
பஸ் ஸ்டாண்டில் அவள் கடை போடுமிடம்
என் ஜன்னலிலிருந்து எழுபது தப்படி.
டீ குடிக்கப் போகும்போது
தினமும் நடக்கிற எழுபது.

இருமல் வந்தது அவளுக்கு.
முகத்தை அந்தப்புறம் திருப்பி
துணியால் வாயை மூடிக்கொண்டாள்.
முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தபடி,
ஒரு சொல் பிசகாமல்.

மூச்சு திரும்பியதும்
பக்கத்தில் மணி கோத்துக்கொண்டிருந்த பையனைத்
தாடையால் காட்டினாள்.
"இவனுக்கும் ராத்திரியானா சுடுது சாமி.
அந்த டப்பி
இன்னொண்ணு இருக்குமா?"

சட்டைப்பையில் கைவிட்டேன்.
ஊக்குதான் குத்தியது.